சவாரி உடையின் வயதும் சங்கத் துண்டின் சீட்டும்

நெசவாளர் கூட்டங்களிலும் பொருட்காட்சி மேடைகளிலும் ஆடையின் சரித்திரத்தைப் பற்றி இருவகைப் பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. தைத்த உடை என்பதே முஸ்லிம் அரசர்களோடுதான் நம் நாட்டிற்கு வந்தது, அதற்கு முன் இங்கே தையல் என்ற தொழிலே இல்லை என்பது ஒன்று. உலகத்தாருக்கெல்லாம் நெய்யவும் தைக்கவும் கற்றுக் கொடுத்தவர்கள் நாமே என்பது மற்றொன்று. எதைச் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் இரண்டிற்கும் ஆதாரம் கிடையாது.

சரித்திரப் பேச்சு சரித்திரத்தோடு நின்றுவிட்டால் கூட்டுறவுப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. அது இப்போது சரக்கின்மீதும் ஏறத் தொடங்கியிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் வரும் ஜனங்கள் துண்டு வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. அந்தத் துண்டில் கட்டித் தொங்கவிடும் சீட்டில் ‘இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம்’ என்று அச்சிட்டால் விற்பனை கூடும் என்று ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் யோசனை வந்தது. துண்டின் கரையோ சில வருஷங்களுக்கு முன் போட்ட புது மாதிரி. யோசனை சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சங்கத்திற்கு நாலு காசு வரவேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆயினும் அது கூடாது என்பதே என் திடமான அபிப்பிராயம். அதற்கான காரணத்தைக் குதிரைச் சவாரி உடையின் கதையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். ஒரு துணியின் வயதையும் பிறப்பிடத்தையும் தீர்மானிப்பது எத்தனை கடினம், குறிப்பு எழுதி வைக்காததால் எத்தனை நஷ்டம் என்பதை அதைப்போல் எடுத்துக்காட்டும் உதாரணம் வேறில்லை.

குதிரை ஏறியவனின் தேவை

உடை தேவையிலிருந்து பிறக்கிறது. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவன் வேட்டியை மடித்துக் கட்டுகிறான். மரம் ஏறுகிறவன் தார்பாய்ச்சிக் கட்டுகிறான். நாள் முழுவதும் குதிரையின் முதுகில் உட்கார்ந்து செல்கிறவனுக்குத் தொடை உராயாமல் இருக்க வேண்டும். காலை அகல விரிக்கவும் முடிய வேண்டும். அதற்காகவே காற்சட்டையும், இடுப்புக்குக் கீழே விரிந்து விழும் நீண்ட அங்கியும் தோன்றின.

இதுவரை கிடைத்துள்ள காற்சட்டைகளில் மிகப் பழையவை சீனத்தின் மேற்கே சின்ஜியாங் பகுதியில், துர்பான் பள்ளத்தாக்கிலுள்ள யாங்ஹாய் என்ற இடுகாட்டில் கிடைத்தன. வறண்ட பூமியாகையால் கம்பளித் துணி மக்காமல் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதன் வயதைக் கணக்கிட்டு 2014இல் வெளியிட்டார்கள்: கி.மு. 13ஆம் நூற்றாண்டிற்கும் 10ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது. அதாவது ஏறத்தாழ மூவாயிரம் வருஷம்.

அந்தக் காற்சட்டையில் நெசவாளரான நாம் கவனிக்க வேண்டிய அதிசயம் வேறொன்று உண்டு. அதற்குத் துணி கத்தரிக்கப்படவே இல்லை. இரண்டு கால்களுக்கு இரண்டு துண்டு, நடுவே கவட்டிற்கு ஒரு துண்டு என்று மூன்றையும் வேண்டிய அளவுக்கும் வடிவுக்கும் தறியிலேயே நெய்து எடுத்து, பிறகு இணைத்துத் தைத்திருக்கிறார்கள். 2022இல் அதன் நெசவை நுணுக்கமாக ஆராய்ந்து மற்றொரு கட்டுரை வெளிவந்தது. ஒரே உடையில் பலவகை நெசவு! இழுத்தால் கொடுக்க வேண்டிய கவட்டில், மூலைவாட்டில் வரி ஓடும் ட்வில் நெசவு. முழங்காலில் துணி கெட்டியாக நிற்கும்படி வேறொரு நெசவு. இடுப்பில் தடித்த பட்டையாக அமையும்படி இன்னொன்று. உடுத்துகிறவனின் தேவையை அறிந்து தறியை ஓட்டியவன் அந்த நெசவாளன். பெயர் தெரியாத அவனை நம் ஜாதிக்காரன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, நெசவே ஜாதி.

வேட்டிக்கும் புடவைக்கும் ஊசி வேண்டாம் என்பதைப் பின்தங்கிய நிலை என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கரையும் முந்தியும் தறியிலேயே அமைந்து, அறுத்து இறக்கியதும் உடுத்தத்தக்கதாக வரும் துணி தையல் அறியாமையின் அடையாளம் அன்று. வேண்டிய உருவத்தைத் தறியிலேயே கொண்டுவரும் அறிவு அது.

மணலில் கிடைத்த அங்கிகள்

இனி எகிப்து தேசத்திற்கு வருவோம். நைல் நதியின் கிழக்குக் கரையில் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் கி.பி. 130இல் ஆன்டினோபொலிஸ் என்ற நகரத்தை நிறுவினார். அதன் இடுகாடுகளில் 1896ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரரான ஆல்பெர் கயே பல ஆண்டுகள் தோண்டினார். அதே ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் ஷ்மிட்டும் அங்கே வேலை செய்தார். மணலுக்குள்ளிருந்து வந்த ஏராளமான துணிகளுக்கிடையே, அந்த நாட்டு உடையோடு ஒட்டாத சில உடைகளும் இருந்தன. மிருதுவான கம்பளியில் நீண்ட அங்கிகள், ஓரங்களில் பட்டு, கையின் நீளத்தைவிட மிக நீண்ட கைகள், அவற்றோடு காலுக்குத் தனியே உறைகள். பார்த்தவுடனே குதிரைக்காரனின் உடை என்று தெரிந்துவிட்டது. பாரசீகத்துச் சிற்பங்களில் காணும் பிரபுக்களைப்போல அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைகளை வெறுமையாகத் தொங்கவிட்டிருப்பார்கள் என்பது அறிஞர்களின் ஊகம்.

இவை யாருடையவை? எந்தக் காலத்தவை? விடை எளிதாகத் தோன்றிற்று. பாரசீகச் சாசானிய அரசர் எகிப்தைப் பிடித்து 619 முதல் 629 வரை சுமார் பத்து வருஷம் ஆண்டார்கள். உடை பாரசீக மாதிரி; ஆகவே இவை அந்தப் படையினரின் உடைகள்; ஆகவே காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கணக்கு நேராக முடிந்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள்.

பின்னாளில் அங்கிகளின் நூலையே சோதனைக்கு அனுப்பினார்கள். உயிருள்ள ஆட்டின் ரோமத்திலும் செடியின் பஞ்சிலும் கதிரியக்கக் கரி என்ற ஒரு பொருள் சிறிதளவு இருக்கிறது. உயிர் போனதும் அது கணக்குப்படி குறைந்துகொண்டே வந்து, 5,730 வருஷத்தில் பாதியாகிவிடும். எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். இந்த முறையைக் கண்டுபிடித்த அமெரிக்கர் வில்லார்டு லிப்பிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பெல்லாம் கையளவு துணியையே எரிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு சிறு நூல்துண்டு போதும்.

சோதனையின் விடை பழைய கணக்கோடு பொருந்தவில்லை. அங்கிகளின் காலம் 5ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை பரந்து நின்றது. பத்து வருஷ ஆட்சிக்குள் அவை அனைத்தையும் அடைக்க இயலாது. படையெடுப்புக்கு முன்பே அந்த மாதிரி உடை எகிப்தில் புழங்கியிருக்க வேண்டும். உடுத்தியவர்கள் பாரசீகத்தாராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரோம அரசின் உத்தியோகஸ்தர்களும் செல்வர்களும் கிழக்குத் தேசத்து மோஸ்தரை விரும்பி அணிந்திருக்கலாம். மோஸ்தர் பிறந்த இடம் ஒன்று, துணி நெய்த இடம் ஒன்று, உடுத்தியவன் ஊர் ஒன்று என மூன்றும் வேறாக இருக்கக்கூடும் என்ற பெரிய பாடம் அதில் கிடைத்தது.

இத்தனை குழப்பத்திற்கும் மூலகாரணம் என்ன? தோண்டியவர்கள் எந்தக் குழியில் எந்தத் துணி எதனோடு கிடைத்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. கிடைத்தவை பல நாட்டுக் காட்சிசாலைகளுக்குப் பிரிந்து சென்றன. கயே தமக்குக் கிடைத்த ஒரு பெண்ணின் உடலை, பழங்கதைகளில் புகழ்பெற்ற தாயிஸ் என்பவளின் உடலே என்று அறிவித்தார். பாரீஸ் நகரமே திரண்டு வந்து பார்த்தது. பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. கூட்டத்தைக் கூட்டப் பெயரை ஒட்டினார்; ஆனால் எழுத வேண்டிய குறிப்பை எழுதாமல் விட்டார். பெயர் நிலைக்கவில்லை, குறிப்பு இல்லாத குறை மட்டும் நூறு வருஷம் நிலைத்தது.

முறுக்கு சொல்லும் சாட்சி

ஏடு இல்லாவிடினும் துணியே சில சாட்சிகளைச் சுமந்து நிற்கும். அவற்றுள் ஒன்று நூலின் முறுக்கு. நூலை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் புரியின் சாய்வு சிலவற்றில் வலப்புறமாக மேலேறும். சிலவற்றில் இடப்புறமாக மேலேறும். பழைய எகிப்தியர் நூற்ற நூல் பெரும்பாலும் இடப்புறமாக ஏறுவது. நம் நாட்டுப் பழைய பருத்தி நூல் வலப்புறமாக ஏறுவது. நூற்கும் கையின் பழக்கம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவதால் இது நல்ல அடையாளம்.

செங்கடற் கரையில் பெரெனிகே என்றொரு பழைய துறைமுகம் இருந்தது. 1994 முதல் அங்கே அகழாய்வு நடக்கிறது. ஒரு கோயிலருகே, இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அது நம் மேற்கு மலைத் தொடரின் மிளகு. அதே ஊரில் பருத்தித் துணிகளும், கப்பற்பாய்த் துண்டுகளும், சாயம் ஏறாமல் இடைவெளி விட்டுப் பூப்போட்ட துணிகளும் கிடைத்தன. 4, 5ஆம் நூற்றாண்டுக் குப்பைமேடுகளிலும் அவை உண்டு. முறுக்கு வலப்புறம், ஆகவே இந்தியச் சரக்கு என்று அறிஞர்கள் தீர்மானித்தார்கள். ஆன்டினோபொலிஸ் செல்வன் பாரசீக அங்கி போட்டுக்கொண்டு உலாவிய அதே காலத்தில், அதே தேசத்துத் துறைமுகத்தில் நம் நாட்டுப் பருத்தி இறங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல நாம் ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டியதில்லை. நூலே சொல்கிறது.

நம் நாட்டுக் கணக்கு

முதலில் சொன்ன இரண்டு பேச்சுகளையும் இப்போது எடைபோடலாம். மதுராவுக்கு அருகே மாட் என்ற ஊரில் 1911இல் குஷாண அரசர் கனிஷ்கரின் சிலை கிடைத்தது. தலை இல்லை; ஆனால் நீண்ட அங்கியும் கனத்த பாதணியும் தெளிவாக இருக்கின்றன. குதிரை நாட்டிலிருந்து வந்த அரச குலம் தன் சவாரி உடையோடு வந்தது. 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரின் பொற்காசிலும் அரசர் அங்கியும் காற்சட்டையுமாக நிற்கிறார். அஜந்தா ஓவியங்களிலும் அங்கியும் குல்லாயும் அணிந்த அயல்நாட்டார் இருக்கிறார்கள். தமிழிலோ, முல்லைப்பாட்டு மெய்ப்பை அணிந்த யவனக் காவலரைப் பாடுகிறது. பட்டினப்பாலை கடல்வழி வந்து இறங்கும் குதிரைகளைச் சொல்கிறது. ஆகவே தைத்த உடை முஸ்லிம் அரசர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே அறியப்பட்டது. அதே சாட்சிகள், சவாரி உடை குதிரையோடு வெளியிலிருந்து வந்தது என்பதையும் சொல்கின்றன. ஒரு பேச்சு விழும்போது மற்றதும் சேர்ந்தே விழுகிறது.

நம் ஆற்றங்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரத்தருகே இருந்த காயல் துறைமுகத்திற்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வந்தார். அந்த இடம் இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். அரேபியாவிலிருந்து குதிரைகள் அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஒரு வியாபாரி மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டில் இறக்க ஒப்பந்தம் இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார்.

அத்தனை குதிரை வந்த நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ மற்றொன்றும் எழுதினார்: இந்த நாட்டில் யாரும் தைத்த உடை உடுத்துவதில்லையாதலால் அங்கி வெட்டித் தைக்கத் தையற்காரனே கிடையாது என்று. அவர் கண்ட கடற்கரையில் பெரும்பாலோர் அவ்விதம் இருந்திருக்கலாம். ஆனால் ‘கிடையாது’ என்ற சொல் அதிகம். ஏனெனில் அவருக்குச் சுமார் 280 வருஷம் முன்பே, தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் வெட்டுவித்த ஊழியர் பட்டியலில் ‘தையான்’ என்ற தையற்காரருக்கும் ஜீவனப் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. வழிப்போக்கர் தாம் கண்ட வரையில் எழுதினார். கோயில் கணக்கனோ ஆள்வாரியாகப் பங்கு எழுதினான். ஆயிரம் வருஷம் கழித்தும் கணக்கன் எழுதியது வெல்கிறது. சங்கத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தாக்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது துண்டின் சீட்டிற்கு வருவோம். வியாபாரிகள் எல்லாரும் பழம்பெருமை அச்சிடும்போது சங்கம் மட்டும் சும்மா இருந்தால் சரக்கு தேங்காதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நெய்தவனுக்குக் கூலி பட்டுவாடா செய்ய வேண்டிய கவலையில் பிறக்கும் கேள்வி. என் பதில் இது: தனி வியாபாரி ஒரு பெயர் கெட்டால் வேறு பெயரில் கடை திறப்பான். சங்கத்திற்கு அந்த வசதி இல்லை. ஒரே பெயர், ஒரே முத்திரை, நூற்றுக்கணக்கான குடும்பம். ஒரு சீட்டில் பொய் என்று வாங்குகிறவர் அறிந்தால், கைத்தறி என்று நாம் சொல்லும் மெய்யையும் சந்தேகிப்பார். கைத்தறி முத்திரைச் சின்னம் 2006இல் வந்ததே இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான். அதை நம் கையாலேயே வளர்க்கலாமா?

பொய் தேவையும் இல்லை. மெய்யே விற்கக்கூடியது. ‘இந்தத் துண்டு இன்ன ஊரில், இன்ன தறியில், இன்ன அங்கத்தினர், இன்ன மாதத்தில் நெய்தது, இத்தனையாம் நெம்பர் நூல், சாயம் இன்னது’ என்று அச்சிடுங்கள். இரண்டாயிரம் வருஷம் என்று எவனும் அச்சிடலாம். தறி நெம்பரும் நெய்தவர் பெயரும் அச்சிடச் சங்கத்தால் மட்டுமே முடியும்.

சீட்டுக்குப் பின்னால் ஏடு இருக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரித் துணி ஏடு தொடங்க வேண்டும் என்பது என் யோசனை. புது மாதிரி ஒன்று தறியில் ஏறும்போதெல்லாம் ஒரு சாண் துணியை அறுத்து ஏட்டில் தைத்து வையுங்கள். அருகே தேதி, பாவு நூல், ஊடை நூல், அச்சின் கணக்கு, சாயம், தறி நெம்பர், நெசவாளர் பெயர், மாதிரியை வரைந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதித் தலைவரும் செயலாட்சியரும் கையொப்பம் இடட்டும். சாரல் காற்றின் ஈரம் படாத பெட்டியில் வேப்பிலை போட்டு வையுங்கள். ஒரு வருஷத்திற்கு ஆகும் செலவு ஒரு பொதுக்குழுக் கூட்டத்தின் காப்பிச் செலவுக்கு மேல் போகாது.

இது வெறும் சரித்திர ஆசை அன்று, காசு சம்பந்தப்பட்டது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் செய்யப்பட்டது. நம் மாதிரியை விசைத்தறியில் காப்பி அடித்து விற்கிறார்கள் என்று முறையிடும்போது, அது நம்முடையது, இந்தத் தேதியில் நாம் நெய்தது என்று எதைக் காட்டி ருசுப்பிப்பது? புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் அமலுக்கு வந்தது. அதன்படி ஊர்ப்பெயருக்குப் பாதுகாப்புக் கேட்போர் பிறப்பிடத்திற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தாத்தா காலத்திலிருந்து நெய்கிறோம் என்று வாயால் சொல்வது அத்தாட்சி ஆகாது. தாத்தா காலத்து ஏடு அத்தாட்சி ஆகும். நம் தாத்தாக்கள் வைக்கவில்லை. நம் பேரன்மார் அந்தக் குறையைச் சொல்லாதபடி நாம் வைக்க வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். நல்ல பெயரெடுத்த பருத்தி விளையும் ஜில்லாவிற்குள் வேற்றூர் மட்டப் பருத்தியைக் கொண்டுவந்து கலந்து, அந்த ஜில்லாவின் பெயரிலேயே விற்ற கொடுமையைத் தடுக்க 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம் செய்ய நேர்ந்தது. கலப்படக்காரன் முதலில் திருடுவது ஊரின் பெயரைத்தான். கரிசல் பருத்தியானாலும் புளியங்குடி எலுமிச்சையானாலும், விதை எது, நிலம் எது, பறித்த தேதி எது என்று சிப்பந்தோறும் எழுதிக் கட்டும் பழக்கம் வந்துவிட்டால் அந்தத் திருட்டுக்கு இடமில்லை.

வேலை அதிகம் என்று குமாஸ்தா முணுமுணுக்கலாம். கேட்டுக்கொண்டு, ஏட்டையும் எழுதச் செய்யுங்கள். வரும் பொதுக்குழுவில் இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தணிக்கைக்கு வரும் எங்களைப் போன்றவர்கள் ரொக்கப் பேரேட்டையும் இருப்புப் பேரேட்டையும் கேட்பதுபோல, மாதிரித் துணி ஏடு எங்கே என்றும் கேட்கும் நாள் வரவேண்டும். எகிப்து மணலில் கிடைத்த அங்கியின் வயதை அறிய ஒரு நூற்றாண்டும், விஞ்ஞானக் கூடமும், பலருடைய வாழ்நாள் உழைப்பும் தேவைப்பட்டன. நம் சங்கத்துத் துண்டின் வயதை அறிய ஒரு பேனாவும் ஐந்து நிமிஷமும் போதும், நெய்த அன்றே எழுதினால்.